வெயிட்டேஜ் கொடுத்தும் தேடல் வரிசை சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், பிராண்ட், வகை, விற்பனையாளர், விளக்கம் என்று ஐந்து ஃபீல்டுகள். தேடலில் பெயருக்கு மட்டும் 2, மற்றவற்றுக்கு 1 என்று வெயிட்டேஜ் (ஒரு ஃபீல்டில் பொருந்துவது எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் எண்) கொடுத்திருக்கிறார்கள். "மிக்ஸி" என்று தேடினால் ஜாரும் வாஷரும் முதலில் வருகின்றன. உடனே யாராவது அந்த 2-ஐ 5 ஆக்குவார்கள். சரியாகாது. 5 பத்தாகும், பத்து ஐம்பதாகும். ஒரு வருடம் கழித்து அந்த க்வெரியை (தேடல் இயந்திரத்துக்கு அனுப்பும் கோரிக்கையை) திறந்தால் எந்த எண் எதற்காக நிற்கிறது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இதே கோளாறைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: பெரும்பாலான நேரம் பிழை அந்த எண்ணில் இல்லை. வெயிட்டேஜ் என்பது வெறும் பெருக்கல். எந்த ஸ்கோரை (பொருத்தத்துக்கு இயந்திரம் போடும் மதிப்பெண்ணை) பெருக்குகிறோமோ, அந்த ஸ்கோர் ஃபீல்டுக்கு ஃபீல்டு ஏற்கெனவே ஏற்றத்தாழ்வாக இருக்கிறது. அதைப் பார்க்காமல் எண்ணை மாற்றுவது வீண் வேலை.

கீழே உள்ளவை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் இயந்திரத்தை வைத்து எழுதியவை. ஓப்பன்சர்ச்சுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சோலர், எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

தவறாக வரும் தேடல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பொருள் முதலில் வர வேண்டும் என்று எழுதுங்கள். கூடவே, இப்போது சரியாக வரும் தேடல்களையும் எழுதுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெட்டுப்போனால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டாவது பட்டியல்தான்.

அப்புறம், தவறாக மேலே வந்த பொருளுக்கும் மேலே வந்திருக்க வேண்டிய பொருளுக்கும் ஸ்கோர் எப்படி வந்தது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் வசதியை ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சோலரில் இதற்கு டீபக் க்வெரி என்ற அளவுருவை ட்ரூ என்று கொடுக்க வேண்டும். நீளமாக, அடுக்கடுக்காக வரும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று எண்களை மட்டும் தேடுங்கள்: பூஸ்ட், ஐடிஎஃப், டிஎஃப். பூஸ்ட் என்பது நீங்கள் கொடுத்த வெயிட்டேஜ். ஐடிஎஃப் என்பது அந்த ஃபீல்டில் அந்தச் சொல் எவ்வளவு அரிது என்பதைச் சொல்லும் எண். டிஎஃப் என்பது அந்தப் பொருளின் அந்த ஃபீல்டில் சொல் எத்தனை முறை வருகிறது, ஃபீல்டு எவ்வளவு நீளம் என்பதைச் சேர்த்துப் பார்க்கும் எண். மூன்றையும் பெருக்கினால் அந்தச் சொல்லின் ஸ்கோர்.

வெயிட்டேஜே கொடுக்காத ஃபீல்டில்கூட பூஸ்ட் 2.2 என்று காட்டும். அது பிழையல்ல. ஸ்கோரைக் கணக்கிடும் பிஎம்25 சூத்திரத்தின் கே1 மதிப்பு 1.2, அதோடு 1-ஐக் கூட்டியது அங்கே சேர்ந்துகொள்கிறது. ஆகவே வெயிட்டேஜ் 5 கொடுத்தால் 11 என்று தெரிய வேண்டும். அப்படித் தெரியாமல் 2.2 என்றே நின்றால் உங்கள் எண் க்வெரிக்குள் போகவே இல்லை.

## அறிகுறி 1: எண்ணை எவ்வளவு மாற்றினாலும் வரிசை அசையவே இல்லை

செலவில்லாத காரணங்கள்தான் இங்கே அதிகம். வரிசையாகப் பாருங்கள்.

முடிவுகள் விலைப்படியோ தேதிப்படியோ அடுக்கப்படுகின்றனவா? வேறு ஃபீல்டை வைத்து அடுக்கச் சொன்னால் எலாஸ்டிக்சர்ச் ஸ்கோரைக் கணக்கிடுவதே இல்லை. முடிவில் ஸ்கோர் என்ற இடம் காலியாக இருந்தால் காரணம் இதுதான்.

ஸ்கோர் இருக்கிறது, ஆனால் எல்லாப் பொருளுக்கும் 0 என்றால், தேடல் பகுதி ஃபில்டருக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஃபில்டர் "உண்டா, இல்லையா" என்று மட்டும் பார்க்கும். அங்கே வெயிட்டேஜுக்கு வேலை இல்லை. அதை, ஸ்கோர் கணக்கிடப்படும் மஸ்ட் அல்லது ஷுட் பகுதிக்கு மாற்றுங்கள்.

ஃபீல்டின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா? இல்லாத ஃபீல்டைக் கேட்டாலும், பல ஃபீல்டுகளில் ஒன்றாகத் தேடும் மல்டி மேட்ச் க்வெரி பிழைச் செய்தி தராது; அந்த ஃபீல்டில் எதுவும் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொண்டு அமைதியாகப் போய்விடும். ஃபீல்டின் பெயர் மாறி, க்வெரி மாறாமல் இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். அதேபோல, ஃபீல்டு டெக்ஸ்ட் வகையா, கீவேர்டு வகையா என்று மேப்பிங்கில் (எந்த ஃபீல்டு எந்த வகை என்று சொல்லும் அமைப்பில்) பாருங்கள். கீவேர்டு என்றால் முழுப் பெயரையும் அப்படியே தட்டச்சு செய்தால்தான் பொருந்தும்.

வந்த முடிவுகள் எல்லாமே ஒரே ஃபீல்டில்தான் பொருந்தியிருக்கின்றனவா? அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்குகிறீர்கள். வரிசை எப்படி மாறும்? இது பிழையே அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது அறிகுறி 3.

ஃபங்ஷன் ஸ்கோர் வைத்து விற்பனை எண்ணிக்கையையும் ஸ்கோரில் சேர்த்திருக்கிறீர்களா? பூஸ்ட் மோட் ரிப்ளேஸ் என்று இருந்தால் தேடல் ஸ்கோர் முழுவதும் தூக்கி எறியப்படுகிறது. மல்டிப்ளை என்று இருந்தாலும், ஒரு பொருள் 4000 விற்றிருக்கிறது, இன்னொன்று 12 விற்றிருக்கிறது என்றால் உங்கள் 2-க்கும் 5-க்கும் அங்கே மதிப்பில்லை. விற்பனை எண்ணை, 1-ஐக் கூட்டி லாகரிதம் எடுக்கும் லாக்1பி மாற்றியின் வழியாக அனுப்புங்கள். 4001-இன் லாகரிதம் 3.6, 13-இன் லாகரிதம் 1.1. இப்போது இரண்டும் பேசிக்கொள்ளக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

மற்ற இயந்திரங்களில் இதே அறிகுறிக்கு வேறு காரணங்கள். சோலரில் ஃபீல்டு வெயிட்டேஜைத் தாங்கும் க்யூஎஃப் என்ற அளவுரு டிஸ்மேக்ஸ், எக்ஸ்டெண்டட் டிஸ்மேக்ஸ் பார்சர்களுக்கு (தேடல் வரியைப் பிரித்துப் படிக்கும் பகுதிகளுக்கு) மட்டும் உரியது. எந்த பார்சர் என்று சொல்லும் டெஃப்டைப் அளவுருவைக் கொடுக்காமல் விட்டால் வழக்கமான லூசீன் பார்சர் ஓடும்; க்யூஎஃப்பைக் கண்டுகொள்ளாது. எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற தேடல் நீட்சியில் பிஎம்25 சார்புக்கு அனுப்பும் எண்கள் அட்டவணையின் முதல் நெடுவரிசையிலிருந்து வரிசையாக ஒட்டிக்கொள்ளும். முதல் நெடுவரிசை பொருளின் அடையாள எண் என்றால் பெயருக்காகக் கொடுத்த 10 அதற்குப் போய்விடும். அதோடு, எஸ்கியூலைட்டில் நல்ல பொருத்தத்துக்கு எண் சிறியதாக வரும், மைனஸில். இறங்குவரிசையில் அடுக்கினால் மோசமானது மேலே நிற்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஏ, பி, சி, டி என்று நான்கு தரம். டிஎஸ் ரேங்க் சார்புக்கு எண்களை டி, சி, பி, ஏ என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். வழக்கமான மதிப்பு 0.1, 0.2, 0.4, 1.0. தலைகீழாகக் கொடுத்துவிட்டு வெயிட்டேஜ் வேலை செய்யவில்லை என்பவர்கள் பலர்.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவைப்படாது. மேலே உள்ள எதுவும் இல்லை என்றால், தளத்துக்கும் தேடல் சர்வருக்கும் இடையில் இருக்கும் நிரல் உங்கள் க்வெரியை மாற்றி அனுப்புகிறதா என்று அதை எழுதியவரைக் கேளுங்கள்.

## அறிகுறி 2: பெயருக்கு அதிகம் கொடுத்தும், வேறு ஃபீல்டில் பொருந்தியது மேலே வருகிறது

எனக்கு அதிகம் வரும் புகார் இது.

### தேடியது ஒரே சொல் என்றால்

ஐடிஎஃப்பைப் பாருங்கள். அது ஃபீல்டு ஃபீல்டாகத் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. 10,000 பொருட்கள் உள்ள இண்டெக்ஸில் (தேடுவதற்காக இயந்திரம் கட்டி வைக்கும் பட்டியலில்) "கிரைண்டர்" என்ற சொல் 500 பொருட்களின் பெயரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் ஃபீல்டில் அதன் ஐடிஎஃப் ஏறக்குறைய 3.0. அதே சொல்லைத் தன் கடைப் பெயரில் வைத்திருக்கும் ஒரு விற்பனையாளர் மூன்று பொருட்களை மட்டும் ஏற்றியிருக்கிறார். விற்பனையாளர் ஃபீல்டில் அந்தச் சொல் மிக அரிது, ஐடிஎஃப் 7.96. பெயருக்கு நீங்கள் கொடுத்த 2-ஐப் பெருக்கினாலும் 6 தான் வருகிறது. கிரைண்டர் கேட்டவருக்கு அந்தக் கடையின் துடைப்பம் முதலில் வருவது இப்படித்தான். இயந்திரம் சொன்னபடிதான் செய்திருக்கிறது.

எளிய தீர்வு: விற்பனையாளர் ஃபீல்டைத் தேடலில் ஏன் வைத்தோம் என்று கேளுங்கள். காரணம் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். எண்களோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு ஃபீல்டை நீக்குவது எத்தனையோ மேல். கடைப் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் உண்மையிலேயே இருந்தால், அந்த ஃபீல்டை மட்டும் கான்ஸ்டன்ட் ஸ்கோருக்குள் வையுங்கள். சொல் அரிதோ சாதாரணமோ, பொருந்தினால் இவ்வளவுதான் மதிப்பு என்று ஆகிவிடும். அதற்கும் அடுத்த படி, அறிகுறி 4-இல் வரும் கம்பைண்ட் ஃபீல்ட்ஸ்.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் ரேங்க் சார்புகள் சொல் அரிதா என்று பார்ப்பதே இல்லை.

### தேடியது இரண்டு மூன்று சொல் என்றால்

"தோசை தவா" என்று தேடுகிறார்கள். ஒரு தவாவின் பெயரில் "தவா" மட்டும் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் விளக்கத்தில் "தோசை தவா கழுவ ஏற்றது" என்று இரண்டும் இருக்கின்றன. மல்டி மேட்சின் இயல்பான வகை பெஸ்ட் ஃபீல்ட்ஸ். அது ஒவ்வொரு ஃபீல்டிலும் பொருந்திய சொற்களின் ஸ்கோரைக் கூட்டி, அதிகம் வந்த ஒரே ஒரு ஃபீல்டை எடுத்துக்கொள்ளும். "தோசை" என்ற சொல் விளக்கங்களில் அரிதாக வருவதென்றால் ஸ்பாஞ்ச் ஜெயித்துவிடும்.

இங்கே டை பிரேக்கர் உதவும். அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது, தோற்ற ஃபீல்டுகளின் ஸ்கோர் முழுவதும் வீண். 0.3 வைத்தால் அவற்றின் முப்பது சதவீதம் சேரும். தவாவின் பெயரில் ஒரு சொல், வகையில் ஒரு சொல், விளக்கத்தில் இரண்டு என்று சிதறியிருந்தால் இப்போது அது மேலே ஏறும். ஸ்பாஞ்சுக்குச் சேர்ப்பதற்கு வேறு ஃபீல்டே இருக்காது.

### இரண்டுக்கும் பொது

ஃபீல்டுகளின் அனலைசர் (எழுத்தைத் தேடக்கூடிய சொற்களாகப் பிரிக்கும் பகுதி) ஒன்றா என்று பாருங்கள். விளக்கத்துக்கு ஸ்டெம்மர் (விகுதியை நீக்கி வேர்ச்சொல்லை எடுப்பது) இருக்கிறது, பெயருக்கு இல்லை என்றால், விளக்கத்தில் "மிக்ஸிக்கு", "மிக்ஸியில்", "மிக்ஸியை" எல்லாம் பொருந்தும். பெயரில் "மிக்ஸி" என்று அப்படியே இருந்தால்தான் பொருந்தும். பெயரில் பொருந்தவே இல்லாதபோது வெயிட்டேஜ் எதைப் பெருக்கும்? இரண்டுக்கும் ஒரே அனலைசர் வைத்து ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும், அதாவது இண்டெக்ஸைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

ரீஇண்டெக்ஸ் என்று வரும்போது நின்று யோசியுங்கள். சோதனை சர்வரில் நீங்களே செய்யலாம். கடை ஓடிக்கொண்டிருக்கும் இண்டெக்ஸில், புதிய இண்டெக்ஸைக் கட்டி ஏலியாஸை (தளம் இண்டெக்ஸை அழைக்கும் மாற்றுப் பெயரை) மாற்றிவிடும் முறை தெரியாதவர் கை வைக்க வேண்டாம். இந்த இடத்தில் நிபுணரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: மிக்ஸி கேட்டால் மிக்ஸி ஜார் முதலில் வருகிறது

ஃபோன் கேட்டால் ஃபோன் கவர், குக்கர் கேட்டால் குக்கர் கேஸ்கட். எல்லாம் ஒரே நோய். பெயர் ஃபீல்டிலேயே இரண்டும் பொருந்துவதால் பெயரின் வெயிட்டேஜை மாற்றிப் பயனில்லை.

காரணம் நீளம். "மிக்ஸி ஜார்" என்பது இரண்டு சொல். உண்மையான மிக்ஸியின் பெயரோ வாட், ஜார் எண்ணிக்கை, நிறம், உத்தரவாதம் என்று பன்னிரண்டு சொல் போகும். சராசரிப் பெயர் எட்டுச் சொல் என்றால், வழக்கமான பிஎம்25 அமைப்பில் ஜாருக்கு டிஎஃப் 0.66, மிக்ஸிக்கு 0.38. ஜார் ஏறக்குறைய 1.7 மடங்கு முன்னால் நிற்கிறது. எக்ஸ்ப்ளெய்னில் டிஎல் என்ற வரி ஃபீல்டின் நீளத்தையும், ஏவிஜிடிஎல் என்ற வரி சராசரியையும் காட்டும்.

செலவு குறைந்த வழியிலிருந்து போவோம். வகை என்ற ஃபீல்டு உங்களிடம் இருக்கிறது அல்லவா? ஜாரின் வகை "உதிரி பாகம்", மிக்ஸியின் வகை "மிக்ஸி" என்று ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தால், அந்த ஃபீல்டைத் தேடலில் சேர்த்து நல்ல வெயிட்டேஜ் கொடுங்கள். டை பிரேக்கரும் வையுங்கள். பல இடங்களில் இதோடு முடிந்துவிடும். வகை காலியாகவோ, எல்லாம் "சமையலறை" என்றோ இருந்தால், உட்கார்ந்து அதை நிரப்புவதுதான் சரியான வேலை. அலுப்பான வேலைதான். ஆனால் எந்தச் சூத்திரமும் இதற்கு ஈடாகாது என்பது என் அனுபவம்.

அது முடியாதென்றால் நீளத்தின் தாக்கத்தைக் குறைக்கலாம். பிஎம்25-இல் பி என்ற அளவு இயல்பாக 0.75. பெயர் ஃபீல்டுக்கு மட்டும் அதை 0.3 ஆக்கினால் மேலே சொன்ன 1.7 மடங்கு 1.2 மடங்காகக் குறையும். அந்த ஃபீல்டுக்கென்று தனி சிமிலாரிட்டி (ஸ்கோர் சூத்திர அமைப்பு) ஏற்கெனவே இருந்தால் இண்டெக்ஸை மூடி, மாற்றி, திறந்தால் போதும்; இல்லையென்றால் ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும். மூடியிருக்கும் நேரம் தேடல் நிற்கும்.

நார்ம்ஸை (ஃபீல்டின் நீளத்தைக் குறித்து வைக்கும் பதிவை) அடியோடு நிறுத்துவது கடைசி வழி. நிறுத்தினால் அதே ஃபீல்டில் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய செக்மெண்டுகள் (இண்டெக்ஸின் சிறு கோப்புத் துண்டுகள்) ஒன்றோடொன்று சேரும்வரை சில பொருட்களுக்கு நீளம் கணக்கில் வரும், சிலவற்றுக்கு வராது. அதுவரை வரிசை குழம்பியிருக்கும். இதை நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை.

## அறிகுறி 4: பிராண்டும் பொருளும் சேர்த்துத் தேடினால் ஒன்றுமே வரவில்லை

பிராண்டின் பெயர் பிராண்ட் ஃபீல்டில், "ஃபேன்" என்பது பெயர் ஃபீல்டில். தனித்தனியாகத் தேடினால் வருகிறது, சேர்த்தால் பூஜ்யம்.

ஆபரேட்டர் ஆண்ட் என்று இருக்கிறதா பாருங்கள். பெஸ்ட் ஃபீல்ட்ஸோடு ஆண்ட் சேர்ந்தால், எல்லாச் சொல்லும் ஒரே ஃபீல்டுக்குள் இருக்க வேண்டும் என்று பொருளாகும். பலர் எதிர்பார்ப்பது அதுவல்ல. ஆண்டை எடுத்துவிட்டால் முடிவுகள் வரும், ஆனால் அந்த பிராண்டின் அயர்ன் பாக்ஸும் கூடவே வரும்.

சரியான வழி, மல்டி மேட்சின் வகையை கிராஸ் ஃபீல்ட்ஸ் என்று மாற்றுவது. அது எல்லா ஃபீல்டுகளையும் ஒரே பெரிய ஃபீல்டாகப் பாவித்து, ஒவ்வொரு சொல்லும் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும். ஐடிஎஃப்பையும் ஃபீல்டுகளுக்கு இடையில் கலந்துவிடுவதால் அறிகுறி 2-இன் கிரைண்டர் கோளாறும் அடங்கும். ஒரு நிபந்தனை: அனலைசர் ஒன்றாக இருக்கும் ஃபீல்டுகளைத்தான் ஒரே குழுவாகச் சேர்க்கும். பிராண்டுக்கு வேறு அனலைசர் இருந்தால் பழைய பூஜ்யம் திரும்பி வரும்.

எலாஸ்டிக்சர்ச் 7.13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் கம்பைண்ட் ஃபீல்ட்ஸ் க்வெரி இருக்கிறது. வெயிட்டேஜை ஸ்கோருக்குப் பிறகு பெருக்காமல், சொல்லின் எண்ணிக்கையிலேயே சேர்த்துக் கணக்கிடும். என் விருப்பம் இதுதான். எண்கள் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளும். எல்லா ஃபீல்டுக்கும் ஒரே அனலைசர் வேண்டும். வெயிட்டேஜ் 1-க்குக் குறையக் கூடாது, விளக்கத்துக்கு 0.5 கொடுத்திருந்தால் அதை 1 ஆக்கி, மற்றவற்றை இரண்டு மடங்காக்குங்கள்.

எல்லா ஃபீல்டையும் காப்பி டூ மூலம் ஒன்றில் கொட்டி அதில் தேடுகிற தளங்களும் உண்டு. சொற்கள் கிடைக்கும், ஆனால் எந்தச் சொல் எந்த ஃபீல்டிலிருந்து வந்தது என்ற தகவல் போய்விடும். வெயிட்டேஜுக்கு அங்கே இடமில்லை. பொருட்களைக் கண்டுபிடிக்க அந்த ஃபீல்டை மஸ்டில் வைத்து, வரிசைப்படுத்தத் தனி ஃபீல்டுகளை ஷுட்டில் வைக்கலாம்.

## அறிகுறி 5: ரெஃப்ரெஷ் செய்தால் வரிசை மாறுகிறது

ஒரே ஷார்டின் (இண்டெக்ஸைப் பிரித்த பகுதிகளில் ஒன்றின்) பிரதிகள் வெவ்வேறு சர்வரில் இருக்கும். நீக்கப்பட்ட பொருட்கள் செக்மெண்டுகள் சேரும்வரை ஐடிஎஃப் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சேர்க்கை ஒவ்வொரு பிரதியிலும் வெவ்வேறு நேரத்தில் நடக்கிறது. தேடலில் பிரிஃபரன்ஸ் அளவுருவுக்குப் பயனரின் செஷன் எண்ணைக் கொடுங்கள். அவருக்கு எப்போதும் அதே பிரதி பதில் சொல்லும்.

வரிசை நிலையாக இருந்து, ஒரே மாதிரிப் பொருட்களுக்கு ஸ்கோர் மட்டும் வேறுபட்டால், ஐடிஎஃப் ஷார்டுக்கு ஷார்டு வேறுபடுகிறது. 7.0-க்கு முந்தைய பதிப்புகளில் இண்டெக்ஸுக்கு இயல்பாகவே 5 ஷார்டுகள். சில ஆயிரம் பொருட்கள் உள்ள கடைக்கு அது தேவையே இல்லை. சர்ச் டைப்பை டிஎஃப்எஸ் க்வெரி தென் ஃபெட்ச் என்று வைத்துப் பாருங்கள். அதில் சரியானால் காரணம் உறுதி. நிரந்தரத் தீர்வு, ஒரே ஷார்டில் ரீஇண்டெக்ஸ் செய்வது. சர்வர்களின் எண்ணிக்கை, ரூட்டிங் என்று போனால் கிளஸ்டரை (சர்வர்களின் தொகுப்பை) பராமரிப்பவரின் வேலை.

## அறிகுறி 6: சில தமிழ்ச் சொற்களுக்கு மட்டும் வெயிட்டேஜ் எடுபடவில்லை

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் இண்டெக்ஸில் இரண்டாக இருக்கலாம். "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். இப்படி இரண்டு விதமாகப் பதிவானதை ஒன்றாக்கும் ஐசியூ நார்மலைசரைப் போட்டால் இது தீர்ந்துவிடும். "கௌ"வுக்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் போட்டு "கெள" என்று அடித்திருந்தால் தீராது. இயந்திரத்துக்கு அது வேறு சொல். தரவைத் திருத்த வேண்டும், அல்லது எழுத்து மாற்றும் கேரக்டர் ஃபில்டர் ஒன்று எழுத வேண்டும்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். ஃப்ரிட்ஜ், பிரிட்ஜ், ஃபிரிட்ஜ், குளிர்சாதனப் பெட்டி. பெயரில் ஒன்று, விளக்கத்தில் இன்னொன்று இருக்கும். தேடுபவர் அடித்தது விளக்கத்தில் உள்ள வடிவம் என்றால் பெயரின் வெயிட்டேஜ் சும்மா நிற்கும். சினானிம் பட்டியல் (ஒரே பொருளைக் குறிக்கும் சொற்களின் பட்டியல்) ஒன்று வைத்து, எல்லா ஃபீல்டுக்கும் தேடும் நேரத்தில் அதைப் பயன்படுத்துங்கள். தேடல் பதிவில் முடிவு வராத சொற்களை வாரம் ஒருமுறை பார்த்தால் பட்டியலுக்கு வேண்டியது தானாகக் கிடைக்கும். இந்தப் பட்டியலை மட்டும் வெளியாளிடம் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் என்ன சொல்லி எதைக் கேட்பார் என்பது கடையில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

## அறிகுறி 7: ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது

க்வெரியில் 50, 100, 0.01 என்றெல்லாம் எண்கள் இருந்தால், எல்லாவற்றையும் 1 ஆக்குங்கள். உங்கள் தாளில் உள்ள தேடல்களை ஓட்டுங்கள். எது தவறுகிறது என்று குறித்துக்கொண்டு, மேலே உள்ள அறிகுறிகளில் எது என்று பாருங்கள். ஃபீல்டு நீக்கம், டை பிரேக்கர், க்வெரி வகை ஆகியவை முடிந்த பிறகுதான் எண்களைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். 1, 2, 3, 5 என்ற அளவுக்குள் பெரும்பாலான கடைகளுக்கு வேலை முடிந்துவிடும். பத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் வேறு காரணம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்து எக்ஸ்ப்ளெய்னுக்குத் திரும்புங்கள்.

தாளில் உள்ளதைக் கையால் ஒவ்வொன்றாகச் சோதிப்பது சிரமமானால், எலாஸ்டிக்சர்ச்சிலேயே ரேங்க் ஈவாலுவேஷன் என்ற வசதி இருக்கிறது. தேடல்களையும் சரியான பொருட்களையும் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மதிப்பெண் போட்டுத் தரும். குவெபிட் என்ற திறமூலக் கருவியும் இதற்கானதே; நிரல் எழுதாதவர்களும் அதில் உட்கார்ந்து மதிப்பெண் போடலாம்.

ஐந்தாறு எண்களை மாற்றி மாற்றி வைத்தும் பட்டியலில் பாதி தேறவில்லையா? அல்லது, ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் வேறு பொருள் முதலில் வர வேண்டியிருக்கிறதா? அப்படியானால் நிலையான வெயிட்டேஜால் இது முடியாது. க்ளிக் பதிவுகளிலிருந்து வரிசையைக் கற்றுக்கொள்ளும் லேர்னிங் டு ரேங்க் பக்கம் போக வேண்டும். அதற்குத் தேடல் துறையிலேயே வேலை செய்கிற ஒருவர் தேவை. அவரைக் கூப்பிடும் முன் நான்கைத் தயாராக வையுங்கள்: சரியான விடைகளோடு அந்தத் தேடல் பட்டியல், இப்போதைய மேப்பிங், சர்வருக்கு உண்மையில் போகும் முழு க்வெரி, தவறும் ஒவ்வொரு தேடலுக்கும் இரண்டு பொருட்களின் எக்ஸ்ப்ளெய்ன்.